பஞ்சரான டயரில் 14.7

பஞ்சரான டயரில் கேஜை வைத்தால் முள் பூஜ்யத்தில் நிற்கும். உள்ளே காற்றே இல்லை என்று அர்த்தமில்லை. கடல்மட்டத்து ஊரென்றால் அந்தக் காற்று சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, அதாவது 14.7 பிஎஸ்ஐ அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. வெளிக்காற்றும் அதே அளவு அழுத்துவதால் முள் அசையவில்லை. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே.

ஆக, ‘முப்பது வையுங்கண்ணே’ என்று காற்றடித்த டயரில் உண்மையில் இருப்பது 44.7. முதல் எண் கேஜ் அழுத்தம். இரண்டாவது அப்சல்யூட், வெற்றிடத்திலிருந்து எண்ணும் முழு அழுத்தம். டாக்டர் சொல்லும் 120 மில்லிமீட்டர் பாதரசமும் கேஜ் கணக்குத்தான். வாயுமண்டலத்தின் 760-ஐயும் சேர்த்து 880 என்றால், கேட்ட மாத்திரத்தில் நோயாளிக்குப் பிரஷர் ஏறிவிடும்!

வெப்பம் நுழையும்போதுதான் கணக்கு இடிக்கும். காலையில் 27 டிகிரியில் இருந்த டயர், ஓடி ஓடி 57 டிகிரிக்குச் சூடாகிறது. கெல்வினில் இது 300-லிருந்து 330. பத்து சதவீத உயர்வு. டயர் விரியவில்லை என்று வைத்துக்கொண்டால் அழுத்தமும் பத்து சதவீதம் ஏறவேண்டும். 30-உடன் 3 சேர்த்து 33 என்றால் தப்பு. 44.7-ஐத்தான் உயர்த்த வேண்டும்: 49.2. அதில் 14.7 போக, கேஜ் காட்டுவது 34.5.

‘பார்’ என்ற அழுத்த அலகை பிஎஸ்ஐ ஆக்குவது வெறும் பெருக்கல்: 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, அல்லது 750 மில்லிமீட்டர் பாதரசம். கேஜிலிருந்து அப்சல்யூட்டுக்குப் போவது கூட்டல். கூட்டவேண்டிய எண்ணோ ஊருக்கு ஊர் மாறும்.

வேக்கம் கேஜில் இது பளிச்சென்று தெரியும். வெளிக்காற்றை விட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதே அதன் அளவு. சென்னையில் அது 500 மில்லிமீட்டர் காட்டினால் உள்ளே மிச்சம் 260. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் வாயுமண்டலமே ஏறக்குறைய 580தான். அங்கே அதே 500-க்கு மிச்சம் வெறும் 80. சென்னையில் 650 காட்டிய பம்பு ஊட்டியில் அதைத் தொடவில்லையே என்று கழற்றிப் பார்ப்பது வீண்வேலை.

கிணற்று மேட்டில் வைத்த மோட்டாருக்கும் இதே கதிதான். நீரை மேலே தள்ளுவது வாயுமண்டலம் என்பதால், கடலோரத்தில் எவ்வளவு உசத்தியான பம்பானாலும் உறிஞ்சும் உயரம் 10.3 மீட்டரைத் தாண்டாது. ஊட்டியில் 8 மீட்டரே எட்டாக்கனி.