பிரிட்டனின் ஓய்வூதியச் செலவு: முதுமை மட்டும்தான் காரணமா?

பிரிட்டனில் அரச ஓய்வூதியம் முதன்முதலாக 1909ஆம் ஆண்டு ஜனவரியில் வழங்கப்பட்டபோது, அதைப் பெற 70 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த வயதை எட்டியவர்கள் அன்று சொற்பமே. இன்றோ அரச ஓய்வூதியம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 5 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. 2070களின் தொடக்கத்தில் இது 7.7 சதவீதமாகக்கூடும் என்று, அரசின் நிதிநிலையைச் சுயாதீனமாக ஆராயும் நிதிப் பொறுப்பு அலுவலகம் 2025 ஜூலையில் மதிப்பிட்டது.

சேமிப்பு அல்ல

தாம் செலுத்திய பணம் தமது பெயரில் சேமிப்பில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவல்ல. இன்று உழைப்பவர்கள் செலுத்தும் தேசியக் காப்புறுதிப் பங்களிப்பிலிருந்தே இன்றைய முதியவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கப்படுகிறது. ஆகவே, உழைப்போருக்கும் ஓய்வுபெற்றோருக்கும் இடையிலான விகிதமே இந்த ஏற்பாட்டின் அடித்தளம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை ஓய்வுபெற்று வருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு வீதம் பெண் ஒருவருக்கு 1.5 குழந்தைக்கும் குறைவாக உள்ளது. உழைக்கும் வயதில் வந்து குடியேறுவோர் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றனர்.

மூன்று பூட்டு

ஆனால் மக்கள்தொகை மட்டுமே காரணமல்ல. 2011ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள 'மூன்று பூட்டு' விதியின்படி, விலைவாசி உயர்வு, ஊதிய உயர்வு, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்கிறது. 2023இல் விலைவாசியின் அடிப்படையில் 10.1 சதவீதமும், 2024இல் ஊதியத்தின் அடிப்படையில் 8.5 சதவீதமும் உயர்ந்தது. பொருளாதாரம் தளம்பும்போதெல்லாம் உயர்வு கிடைக்கிறது. ஏறிய தொகை பின்னர் இறங்குவதில்லை. ஊதியத்துக்கேற்ப மட்டும் உயர்த்துவதைவிட, 2029-30இல் இதற்கு ஆண்டுக்கு 15.5 பில்லியன் பவுண்டுகள் கூடுதலாகச் செலவாகும் என்கிறது அதே அலுவலகம். இது தொடக்கத்தில் எதிர்பார்க்கப்பட்டதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

எனினும் முதியவர்கள் பெருமளவில் வாக்களிக்கின்றனர் என்பதால், இந்த விதியில் கைவைக்கக் கட்சிகள் தயங்குகின்றன. ஓய்வூதிய வயதை உயர்த்துவது அவர்களுக்கு எளிதான வழியாக இருக்கிறது. 66 என்றிருந்த அந்த வயது, 2026 ஏப்ரல் முதல் 2028க்குள் படிப்படியாக 67 ஆகிறது.

தமிழர்களுக்கு என்ன?

2016 ஏப்ரலுக்குப் பின் ஓய்வூதிய வயதை எட்டுபவர் முழுத்தொகை பெறப் பொதுவாக 35 ஆண்டுகள் பங்களித்திருக்க வேண்டும். 10 ஆண்டுகளுக்குக் குறைந்தால் எதுவும் கிடைக்காது. நாற்பது வயதில் அகதியாக வந்தவர் 67 வரை இடைவிடாது உழைத்தாலும் 27 ஆண்டுகளே தேறும்.

ஊர் திரும்புவோருக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. இந்தியாவிலோ இலங்கையிலோ குடியேறுபவருக்கு, ஆண்டுதோறும் வழங்கப்படும் உயர்வு கிடைப்பதில்லை. ஓய்வூதியம் அதே தொகையில் உறைந்துவிடுகிறது. மூன்று பூட்டின் செலவை ஊதியத்திலிருந்து சுமந்தவர்கள், அதன் பயனை முதுமையில் இழக்கின்றனர். பிரிட்டனின் ஓய்வூதிய விவாதத்தில் இவர்களின் குரல் அரிதாகவே ஒலிக்கிறது.