அட்வான்ஸ் பணம் யாருடையது? வீடு வாடகைக்கு விடுவோர் கவனத்திற்கு

வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வீடு கட்டியவர்கள் நம்மில் ஏராளம். கீழ்வீட்டில் நாம் குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடுகிறோம். ஆண்கள் சவூதியிலோ துபாயிலோ இருக்க, வாடகை வாங்குவது, மோட்டார் ரிப்பேர் பார்ப்பது, வீடு காலியானால் அடுத்த குடும்பத்தைத் தேடுவது எல்லாம் உம்மாவின் பொறுப்பாகவோ மனைவியின் பொறுப்பாகவோ இருக்கிறது. மாதா மாதம் வாடகை வாங்குவதில் பெரிய மனக்கசப்பு வருவதில்லை. அது வருவது, காலி செய்யும் நாளில் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும்போதுதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மாத வாடகை 12,000 ரூபாய். பத்து மாத அட்வான்ஸ் என்றால் 1,20,000 ரூபாய். அந்தப் பணம் நம் கைக்கு வந்ததும் மாடியில் ஓர் அறை எழுப்பவோ, பிள்ளையின் நிக்காஹ் செலவுக்கோ போய்விடுகிறது. மூன்று வருடம் கழித்து அவர்கள் காலி செய்யும்போது நம்மிடம் பணம் இல்லை. "புதிதாக வருபவர் அட்வான்ஸ் கொடுத்ததும் தந்துவிடுகிறோம்" என்கிறோம். ஆனால் அந்தக் குடும்பம் புது வீட்டுக்கு அதே வாரம் அட்வான்ஸ் கட்ட வேண்டும். கைமாற்று கிடைக்காவிட்டால் நகையை அடகு வைப்பார்கள் அல்லது வட்டிக்கு வாங்குவார்கள். வட்டியை விட்டு ஒதுங்கி வாழ நினைக்கும் நாம், நம்முடைய தாமதத்தால் இன்னொரு குடும்பத்தை வட்டிக்குள் தள்ளிவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017ஆம் ஆண்டு புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் அது வரையறுக்கிறது.

அட்வான்ஸ்: இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். புது ஆள் வரும்வரை காத்திருக்கச் சொல்ல சட்டத்தில் இடமில்லை.

ஒப்பந்தம்: வாய்ப்பேச்சு போதாது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கான இணையதளத்தை அரசு நடத்துகிறது. "11 மாத ஒப்பந்தம்தானே, பதிவு தேவையில்லை" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவு பற்றியது. இந்தச் சட்டப்படியான பதிவு 11 மாத ஒப்பந்தத்துக்கும் உண்டு. பதிவு செய்யாவிட்டால், தகராறு வரும்போது அந்த ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்ட முடியாமல் போகலாம்.

தண்ணீர், கரண்ட்: வாடகை பாக்கி இருந்தாலும் இவற்றை நிறுத்தக் கூடாது. பாக்கி இரண்டு மாதத்தைத் தாண்டினால் முறையாக மனுச் செய்ய வழி இருக்கிறது.

எதைப் பிடிக்கலாம்?

ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, குழாய் லைன், வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. தண்ணீர்க் குழாயின் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்ற சிறு வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. மூன்று வருடம் புழங்கிய சுவர் மங்கத்தான் செய்யும். அதற்காக ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பல ஊர்களில் பழக்கமாகிவிட்டது. அப்படிப் பிடிப்பதென்றால் முதல் நாளே சொல்லி, ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். சாவியைத் திருப்பி வாங்கும்போது சொல்வது நியாயமில்லை.

நாம் செய்யக்கூடியவை

அட்வான்ஸை வங்கி வழியாக வாங்குவோம். ரொக்கமாக வாங்கினால் கையெழுத்திட்ட ரசீது கொடுப்போம்.

குடிவரும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, சுவர், கதவு, கழிப்பறை, மின்மீட்டர் அளவு ஆகியவற்றைப் போட்டோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்வோம்.

அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைக்க முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் அட்வான்ஸைக் குறைத்து வாங்கலாம். மூன்று மாத அட்வான்ஸ் 36,000 ரூபாயைத் திரட்டித் தருவது, 1,20,000 ரூபாயைத் திரட்டுவதைவிட எளிது.

காலி செய்வதற்கு எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுவோம். அவர்கள் சொன்ன அன்றிலிருந்தே பணத்துக்கு ஏற்பாடு செய்வோம்.

இன்னொன்று ஒத்தி. சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு வாடகையே இல்லாமல் குடியிருக்க விட்டு, கடைசியில் முழுத் தொகையையும் திருப்பித் தருவது. கொடுத்த கடனுக்குக் கிடைக்கும் ஆதாயம் என்பதால் ஆலிம்கள் பலர் இதை வட்டியாகவே கருதுகிறார்கள். ஒத்திக்கு விடும் முன் நம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வோம்.

வாரிசுகளுக்குத் தெரியுமா?

வீட்டுக்காரர் மவுத்தான பிறகு, பிள்ளைகள் வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள். அத்தா எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார் என்று யாருக்கும் தெரிவதில்லை. குடியிருப்பவர் ஒரு தொகை சொல்ல, பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் அது மய்யித்தின் கடன். கடனை அடைத்த பிறகுதான் வாரிசுகளுக்குப் பங்கு என்பது குர்ஆன் (4:11) காட்டும் வரிசை. தவணைக் கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே (2:282) குர்ஆனில் மிக நீளமானது.

ஆகவே இன்றே ஒரு தாள் எடுப்போம். எந்த வீட்டுக்கு, யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினோம் என்று எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைப்போம். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் அதைச் சொல்லிவைப்போம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த வாரம் போனில் பேசும்போதே, இன்ஷா அல்லாஹ், இதை முடித்துவிடலாம்.