மலைவழி நடையின் வெப்பக் கணக்கு

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், மெக்சிகோ எல்லையில் தொடங்கிக் கனடா எல்லை வரை மலைமுகடுகளை ஒட்டிச் செல்லும் நடைபாதை ஒன்று உண்டு. பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்பது அதன் பெயர். கலிபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன் ஆகிய மூன்று மாநிலங்களின் வழியே ஏறத்தாழ 4,265 கிலோமீட்டர் நீளும் இப்பாதை, 1968-இல் சட்டப்படி தேசிய நடைபாதையாக அறிவிக்கப்பட்டது. கூடாரம், படுக்கை, அடுப்பு, உணவு அனைத்தையும் முதுகில் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் இதில் நடப்பவர்கள் உண்டு. கணவனும் மனைவியுமாக நடப்பவர்களும் உண்டு.

இப்பாதையின் மிக உயர்ந்த இடம் சியரா நெவாடா மலைத்தொடரில் உள்ள ஃபாரஸ்டர் கணவாய். கடல் மட்டத்திலிருந்து 4,009 மீட்டர் உயரம். தெற்கிலிருந்து வரும் ஒரு தம்பதி ஒரே நாளில் இதைக் கடப்பதாக வைத்துக்கொள்வோம். முந்தைய இரவு டிண்டல் ஓடையருகே, சுமார் 3,300 மீட்டர் உயரத்தில் தங்கியிருக்கிறார்கள். அங்கிருந்து 700 மீட்டர் ஏற வேண்டும்; மறுபுறம் 1,100 மீட்டர் இறங்கி விடெட் புல்வெளியை அடைய வேண்டும். மொத்தத் தொலைவு சுமார் 20 கிலோமீட்டர். இந்த ஒரு நாளில் அவர்கள் உடலில் நிகழ்வது என்ன? பள்ளியில் படித்த இயற்பியலே இதற்கு விடை சொல்லப் போதுமானது.

ஏற்றத்திற்கு ஆகும் செலவு

கணவரின் எடை 70 கிலோகிராம், அவர் சுமை 15 கிலோகிராம். மனைவியின் எடை 55, சுமை 11. இருவருமே தத்தம் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் சுமக்கிறார்கள். கோடையின் தொடக்கத்தில் கணவாயின் தென்சரிவில் பனி கிடக்கும். இரவில் இறுகிய பனி, வெயில் ஏறினால் இளகிக் கால் புதையும். ஆகவே இருவரும் விடியுமுன்பே புறப்பட்டு விடுகிறார்கள்.

ஒரு பொருளை உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை, அதன் நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் என்பது நாம் அறிந்ததே. கணவருக்கு 85 × 9.8 × 700, அதாவது சுமார் 5,83,000 ஜூல். இதை வெப்ப அலகில் சொன்னால் 139 கிலோகலோரி. மனைவிக்கு 108 கிலோகலோரி. மூன்று மணி நேரத்தில் ஏறினால் கணவரின் திறன் 54 வாட். வியர்க்க விறுவிறுக்க மலையேறும் மனிதர், ஒரு 60 வாட் பல்பை எரிக்கக்கூடப் போதாத திறனில்தான் தம்மை உயர்த்திக்கொள்கிறார்!

அப்படியானால் இவ்வளவு களைப்பு ஏன்? நம் தசைகள் உணவின் ஆற்றலில் அதிகமாகப் போனால் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. எனவே 139 கிலோகலோரி வேலைக்குச் சுமார் 556 கிலோகலோரி உணவு செலவாகிறது. இது ஏறக்குறைய 100 கிராம் வேர்க்கடலையிலிருந்து கிடைக்கும் ஆற்றல். மீதி 417 கிலோகலோரி என்ன ஆயிற்று? அத்தனையும் உடலுக்குள்ளேயே வெப்பமாகிவிட்டது.

வெப்பம் வெளியேறாவிட்டால்?

மனித உடலில் ஒரு கிலோகிராமை ஒரு டிகிரி சென்டிகிரேடு சூடாக்கச் சுமார் 0.83 கிலோகலோரி வேண்டும். 70 கிலோ உடலுக்கு 58. இந்த 417 கிலோகலோரியும் உடலிலேயே தங்கிவிட்டால் வெப்பநிலை 7 டிகிரி உயர்ந்து, 37-லிருந்து 44 டிகிரிக்குப் போய்விடும். 42 டிகிரியே உயிருக்கு ஆபத்தானது. மனைவிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதே 7 டிகிரிதான் வரும். சுமையை எடைக்கேற்பப் பிரித்துக்கொண்டதன் பயன் இது.

காப்பாற்றுவது வியர்வை. தோலின் மேல் ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இதைத்தான் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்கிறோம். 417 கிலோகலோரியையும் வியர்வையே நீக்குவதானால் 700 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் தேவை. குளிர்ந்த காற்றும் ஒரு பங்கு வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும். ஆனால் நடப்பதற்கும் உயிர் வாழ்வதற்குமான வெப்பத்தை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை! மலைக்காற்று உலர்ந்தது, வியர்வை உடனுக்குடன் ஆவியாவதால் நீரிழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி நீர் பருகுவது இதனால்தான்.

உச்சியில் காத்திருக்கும் ஆபத்து

கணவாயை அடைந்தாயிற்று. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 61 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. மூச்சு வாங்குகிறது, உட்காரத் தோன்றுகிறது. உண்மையான ஆபத்து இப்போதுதான் தொடங்குகிறது.

ஏறும்போது உடல் ஓர் உலை. உட்கார்ந்ததும் உலை அணைந்துவிடுகிறது. ஆனால் சட்டை நனைந்திருக்கிறது, வியர்வை தொடர்ந்து ஆவியாகிறது. உடலைச் சுற்றியுள்ள மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலத்தைக் கணவாய்க் காற்று அடித்துக்கொண்டு போகிறது. நீர், காற்றைவிட 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தித் துணி நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பைக் காக்கும். ஏறும்போது நம்மைக் காத்த அதே வியர்வை இப்போது எதிரியாகிறது. உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மூளையும் இதயமும் தடுமாறத் தொடங்கும்.

இதில் இருவருக்கும் நிலை ஒன்றல்ல. உடல் சிறிதானால், ஒவ்வொரு கிலோகிராமுக்கும் உரிய தோல் பரப்பு அதிகம். ஒரே உருவ அமைப்பு என்று கொண்டால், 55 கிலோ உடலில் இது 70 கிலோ உடலைவிடச் சுமார் 8 விழுக்காடு கூடுதல். எனவே மனைவி சற்று விரைவாகக் குளிர்வார். "எனக்குக் குளிரவில்லையே" என்று கணவர் சொல்வது பதிலாகாது.

இன்னொன்றும் உண்டு. குளிரால் தாக்கப்பட்டவருக்குத் தம் நிலை தெரிவதில்லை. பேச்சு குழறும், கால் தடுமாறும், பொத்தானைப் போடக் கை வராது. அவரோ தமக்கு ஒன்றுமில்லை என்பார். அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் உடன் வருபவர்தான். மலையில் ஒருவருக்கு மற்றவரே வெப்பமானி.

ஆகவே அனுபவசாலிகள் ஏறத் தொடங்குமுன் மேலாடையைக் குறைத்துக்கொள்வார்கள். நின்றவுடன் ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு உலர்ந்ததை அணிவார்கள். கோடையில் பிற்பகல் இடிமழை வருவதுண்டு என்பதால் உச்சியில் நெடுநேரம் தங்கவும் மாட்டார்கள்.

இறக்கம் எளிதா?

1,100 மீட்டர் இறங்கும்போது கணவரும் சுமையும் சேர்ந்து 9,16,000 ஜூல் நிலையாற்றலை இழக்கிறார்கள். இது உடலுக்கு வரவாக வருவதில்லை. மலைப்பாதையில் இறங்கும் பேருந்தின் பிரேக் சூடேறுவதுபோல, ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை தடுப்பானாகச் செயல்படுகிறது. வழக்கமாகச் சுருங்கி வேலை செய்யும் தசை, இறக்கத்தில் நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. மூச்சு வாங்காத இறக்கம் மறுநாள் காலையில் வலியாக வந்து நிற்பது இதனால்தான். கைத்தடி ஊன்றினால் சுமையில் ஒரு பகுதியைக் கைகள் ஏற்கும்.

மாலையில் விடெட் புல்வெளியில் அடுப்பு மூட்டினால், 2,900 மீட்டர் உயரத்தில் நீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் வேக நெடுநேரம் ஆகும், எரிபொருளும் வீணாகும். எனவே முன்பே சமைத்து உலர்த்திய உணவையே நடைக்காரர்கள் கொண்டுபோகிறார்கள். அன்று கணவரின் உடல் செலவிட்டது 3,000 கிலோகலோரிக்கு மேல். அதில் அவரைக் கணவாய்க்கு உயர்த்தியது வெறும் 139.

மலையேற்றம் என்றால் கால் வலிமை என்றே நினைக்கிறோம். கணக்கு வேறு சொல்கிறது. உடலில் பிறக்கும் வெப்பத்தை ஏறும்போது வெளியே விடவும், நின்றபின் உள்ளே காக்கவும் தெரிந்திருப்பதே பெரிய திறமை. நீங்கள் எந்த மலைக்குப் போனாலும் பையில் ஓர் உலர்ந்த சட்டையை வைத்துக்கொள்ளுங்கள். உடன் வருபவரின் பேச்சிலும் நடையிலும் ஒரு கண் இருக்கட்டும்.