பிள்ளைத்துடிப்பை எண்ணும் கருவி

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதமளவில் பிள்ளைத்துடிப்பு தாய்க்குத் தெரியத் தொடங்கும். கடைசி மூன்று மாதங்களில் அதை எண்ணிக் குறிக்கச் சொல்வார்கள். 1976இல் பியர்சன், வீவர் என்ற இருவர் கார்டிஃபில் முன்வைத்த முறைப்படி, 12 மணித்தியாலத்துக்குள் பத்துத் துடிப்பு வந்துவிட வேண்டும். காசு செலவில்லை. ஆனால் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகும் பெண், நெரிசலான 100ஆம் இலக்க பஸ்ஸில் எதை எண்ணுவாள்? நச்சுக்கொடி கருப்பையின் முன்புறம் இருந்தால் துடிப்பே மட்டாகத்தான் தெரியும்.

பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கொரு கருவி செய்து, 2021இல் ‘பிளோஸ் வன்’ இதழில் விவரித்தார்கள். வயிற்றின்மேல் அணியும் அதன் உயிர்நாடி ஓர் ஆர்முடுகல்மானி. கைத்தொலைபேசியைச் சரித்தால் திரையிலுள்ள படமும் திரும்புகிறதே, அந்த வேலையைச் செய்யும் சில்லுதான் இது. உடலுக்குள் எந்த அலையையும் அனுப்பாது. தோல் அசைவதை மட்டும் பதியும். விலையும் குறைவு.

அசைவைப் பதிவது எளிது. அது யாருடைய அசைவு என்று பிரிப்பதே சிக்கல். தாய் மூச்செடுத்தாலும் சிரித்தாலும் இருமினாலும் வயிறு அசையும். இங்கேதான் இயந்திரக் கற்றல் வருகிறது. 120க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் பதிவு எடுத்தார்கள். இரண்டாம் கட்டத்தில் அதே நேரம் ஸ்கேனும் செய்து, பிள்ளை உண்மையில் எப்போது அசைந்தது என்று சரிபார்த்தார்கள். இப்படி விடை தெரிந்த பதிவுகளைக் கொண்டு நான்கு கணிப்பு முறைகளைச் சோதித்து, சிறந்ததைத் தேர்ந்து, தாய்மாருக்கான ஒரு கைத்தொலைபேசிச் செயலியையும் அமைத்தார்கள்.

ஜப்பானில் உருவான ஒரு கருவியில் இன்னொரு உத்தி உண்டு. இரண்டாவது உணரியைத் தாயின் தொடையில் ஒட்டுவார்கள். இரண்டும் சேர்ந்து அசைந்தால் தாய் அசைந்திருக்கிறாள். வயிற்று உணரி மட்டும் அசைந்தால் பிள்ளை. கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் குலுங்கும் ஓட்டோவுக்குள் அந்தக் கணக்கும் தடுமாறலாம். ஆகவே அமைதியாகச் சாய்ந்திருக்கும் நேரமே இக்கருவிகளுக்கு உகந்தது.

பிள்ளையும் உறங்கும், ஒரு தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம், 90ஐத் தாண்டுவது அரிது. கருவி ஒன்றும் காட்டாவிட்டால் பிள்ளை உறங்கலாம், கருவியே நழுவியிருக்கலாம், ஆபத்தாகவும் இருக்கலாம். கருவி அசைவைக் காட்டிக்கொண்டே இருந்தாலும், வழமையைவிடத் துடிப்பு குறைந்ததாகத் தாய்க்குப் பட்டால் அவள் சொல்லே மேல். விடியட்டும் என்று இருக்காமல் டி சொய்சா, காசல் வீதி போன்றதொரு மகப்பேற்று மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.