குளமும் மூன்று பீடங்களும்

கலை, விஞ்ஞானம், பொறியியல் எனப் பீடங்கள் பிரிந்துள்ளமை நிருவாக வசதி கருதியதேயாம். ஆராயப்படும் பொருளுக்கு அவ்வரம்பு இல்லை. இலங்கையின் வரண்ட வலயக் குளங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளராயிருந்த ஹென்றி பார்க்கர், பழைய குளக்கட்டுகளிற் காணப்படும் ‘பிசோகொட்டுவ’ என்னும் சதுரக் கிணற்றின் பயனை 1909இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். துருசின் வழி வெளியேறும் நீரைக் கட்டுப்படுத்தும் அடைப்புக் கிணறு அது என்பது அவர் முடிபு. கல்வெட்டுகளை மட்டும் வாசிப்போர்க்கு இஃது எளிதிற் புலப்பட்டிராது. அதே பார்க்கர்தாம் கிராமியக் கதைகளைத் திரட்டி மூன்று தொகுதிகளாக வெளியிட்டவரும் ஆவார்.

எட்மண்ட் லீச் கேம்பிரிட்ஜிற் பொறியியல் பயின்று பின் மானிடவியலாளரானவர். 1954இல் வடமத்திய மாகாணத்துப் புல் எலியக் கிராமத்தை ஆராய்ந்த அவர், உறவுமுறையை அருவமான விதிகளிலன்றி, குளத்தின் கீழ் வயல்களும் வாய்க்கால்களும் அமைந்த முறையிலே தேடினார்.

பருவகாலச் சிற்றோடையொன்றின் நீரேந்து பரப்பினுள் தொடராயமைந்த குளங்களை ஒரே தொகுதியாக நோக்கவேண்டுமெனப் புவியியலாளர் மத்தும பண்டார 1985இல் எடுத்துக்காட்டினார். மேற்குளத்தின் அணையை உயர்த்தினாற் கீழ்க்குளத்திற்கு வரும் நீர் குறையலாம். எவ்வளவு குறையும் என்பதை மழைவீழ்ச்சிக் கணிப்புக் கூறும். எவருடைய வயல் முதலிற் காயும் என்பதைக் கூற அவ்வூரின் காணியுரிமையையும் வழக்காறுகளையும் அறிந்தவர் வேண்டும். புனரமைப்புத் திட்டங்களில் இவருக்கு இடமளிப்பதைக் காலவிரயமெனக் கருதும் போக்கு வருந்தத்தக்கது. அதனால் நட்டமடைபவன் கீழ்க்குளத்துச் சிறு விவசாயியே.