குழாயில் குளோரின் வாடை வரட்டும்

மழைக்காலத்தில் பொழிச்சலூரை ஒட்டி அடையாற்றில் ஓடும் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் சேர்ந்தே வருகிறது. 2015 டிசம்பரில் அது என்ன செய்தது என்பதைக் கரையோரத் தெருக்களில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அதே ஏரித் தண்ணீர்தான் சுத்திகரித்தபின் சென்னைக்குக் குடிநீராகவும் போகிறது.

கலங்கல் தெளியும் விதம்

செம்பரம்பாக்கம் நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. முதலில் படிகாரம். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய மண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் எத்தனை நேரம் வைத்தாலும் அடியில் படியாது. படிகாரம் அந்த விலக்கத்தைப் போக்கியதும் அவை திரண்டு, கனத்து, இறங்கிவிடும். கிராமத்தில் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரைத்து விடுவார்களே, அதே வேலைதான். தெளிந்ததை மணல் படுகையில் வடிகட்டி, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள்.

குடிநீராக வரும் பாலாற்று நீருக்கு இவ்வளவு பாடில்லை. ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளில் ஊறி வருவதால் மணலே வடிகட்டிவிடுகிறது. பெரும்பாலும் குளோரின் கலந்தால் போதும். நெம்மேலி நிலையத்தில் கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கிறார்கள்.

கடைசித் தெருவில்தான் சிக்கல்

நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பக்கம் குழாயில் எந்நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. சப்ளை நின்றதும் குழாயில் அழுத்தம் விழுகிறது. எங்காவது விரிசலும், பக்கத்தில் சாக்கடையும் இருந்தால் அழுக்கு உள்ளே புகும். குழாயிலேயே மோட்டார் போட்டு இழுப்பவர்கள் அந்த உறிஞ்சலை இன்னும் கூட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்பதைவிட இது பெரிய பாவம்.

2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததாக மக்கள் சொன்னார்கள். அரசுத் தரப்பு ஏற்கவில்லை. காரணம் எதுவானாலும், குழாய்த் தண்ணீரைத் தினமும் சோதிக்கவேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

வாடை வந்தால் நல்லது

அந்தச் சோதனை எளிது. குழாய்த் தண்ணீரைச் சிறு குப்பியில் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருக்கும்போது மஞ்சள் நிறம் காட்டும். வீட்டுக் குழாய்க்கு வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வழியில் புகும் கிருமியைச் சமாளிக்க வைத்த கையிருப்பு அது. “மருந்து வாடை அடிக்குது” என்று முகம் சுளிக்கிறோம். வழக்கமாக வரும் வாடை ஒருநாள் திடீரென்று நின்றுபோனால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் இருக்கும் கரி வடிகட்டி இந்தக் குளோரினை நீக்கிவிடும். அதனால் அந்தத் தண்ணீரை மூடாத பாத்திரத்தில் நாள் கணக்கில் வைத்துக் குடிப்பது சரியல்ல. கேன் தண்ணீரும் அப்படித்தான்.

வீட்டுக்குள்

சம்ப்பின் மூடி தரைமட்டத்தில் இருந்தால் மழைநீரோடு சாக்கடையும் இறங்கும். மூடியை உயர்த்திக் கட்டுங்கள். வெள்ளம் புகுந்தால் சம்ப்பையும் மேல்தொட்டியையும் காலி செய்து, தேய்த்துக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் போட்டபிறகே நிரப்புங்கள். சப்ளை வந்ததும் முதலில் வரும் கலங்கலைக் குடிக்கப் பிடிக்க வேண்டாம்.

குடிநீரைக் கொதித்துக் குமிழிடும் நிலையில் ஒரு நிமிடம் விட்டால் கிருமி சாகும். ஆனால் உப்பு போகாது; பல்லாவரம், குரோம்பேட்டை தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடியில் இறங்கிய குரோமியமும் போகாது. போர்வெல் தண்ணீரைக் குடிப்பவர்கள் ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கத் தொடங்குங்கள். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, சோர்ந்து கிடந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஒரே தெருவில் நாலைந்து பேருக்கு வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்லுங்கள். மற்ற வீடுகளில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்த அப்போதுதான் வழி பிறக்கும்.