ஆணுறை: கணவன் மனைவி இருவரும் அறிய வேண்டியவை

இன்றைய குடும்ப நலப் பேச்சில், பலரும் கேட்கக் கூச்சப்படும் ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வருகிறேன். அதுதான் ஆணுறை.

கைப்பிள்ளை இருக்கும்போதே மறுபிள்ளை உண்டாகிவிட்டால் தாயின் உடல் தாங்குமா? இந்த அச்சத்தினால் பல தம்பதியர் ஆணுறையை நாடுகின்றனர். ஆனால் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. ஒருவர் தவறாக அறிந்திருந்தால், மற்றவர் எடுத்துச் சொல்லத் தயங்கக் கூடாது.

முதலாவது, எண்ணெய். "கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் என்ன?" என்பார் சிலர். பெரும்பாலான ஆணுறைகள் ரப்பர்ப் பாலினால் ஆனவை. பால்மரத்தோடு வாழ்ந்த நம் மக்கள், எண்ணெய் பட்ட ரப்பர் ஊறித் தளர்வதைப் பார்த்திருப்பார்கள். ஆணுறையோ மிக மெல்லியது. சில நிமிடங்களிலேயே வலுவிழந்துவிடும். தேங்காய் எண்ணெய், வாசலின், குழந்தைக்குத் தடவும் எண்ணெய் எதுவும் ஆகாது. வழவழப்பு வேண்டுமானால், எண்ணெய் சேராத, நீரால் ஆன களிம்பை மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, இரண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்ற எண்ணம். இது தவறு. அவை ஒன்றோடொன்று உராய்ந்து கிழியக்கூடும். ஒன்றே போதும்.

மூன்றாவது, "கடைசி நேரத்தில் போட்டுக்கொள்ளலாம்" என்பது. விந்து வெளிப்படுமுன் கசியும் நீரிலும் சில வேளைகளில் உயிரணுக்கள் இருக்கும். நோய்க் கிருமிகளும் இருக்கலாம். ஆகவே தொடக்கத்திலிருந்தே அணிய வேண்டும். முடிந்ததும், உறுப்புத் தளருமுன் உறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே விலக வேண்டும். கழுவி மீண்டும் பயன்படுத்தலாகாது.

நான்காவது, பணப்பையில் மாதக்கணக்கில் வைத்திருப்பது. சூடும் உராய்வும் உறையைக் கெடுக்கும். சூடில்லாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால், ஓராண்டில் 100 பெண்களில் ஏறக்குறைய 2 பேரே கருத்தரிக்கின்றனர். நடைமுறையிலோ அது ஏறக்குறைய 13 பேர். சில வேளைகளில் அணியாமல் விடுவதும், அணியும் முறையில் தவறுவதுமே இதற்குக் காரணம்.

சரி, கணவரிடம் எப்படிச் சொல்வது? குற்றம் கண்டதுபோல் பேச வேண்டாம். பிள்ளைகள் உறங்கிய பிறகு, "என்னங்க, பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கிறது, இருவரும் படித்துப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று அவர் கேட்டால், "நம்பிக்கை இருப்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். கணவன்மாரே, மனைவி இப்படிக் கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். சுமக்கப்போவது அவர்தானே?

உறை கிழிந்துவிட்டால் மறைக்காதீர்கள். கருத்தரிப்பைத் தடுக்க 5 நாட்களுக்குள் உட்கொள்ளும் அவசர மாத்திரை உண்டு. எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற ஐயம் இருந்தால், தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். தாமதமின்றி மருத்துவரைக் காணுங்கள்.

கூச்சம் ஒரு நாளில் போய்விடும். கவனக்குறைவின் விளைவு அப்படிப் போய்விடாது.